ஏமாந்தவர் மீதா பழி?

"ஏமாறுகிறவன் இருக்கும்வரை ஏமாற்றுகிறவனும் இருப்பான்." சென்ற மாதம் நம் பங்குப் பேரவைக் கூட்டத்தில் ஒரு பெரியவர் இதைச் சொன்னார். சுற்றியிருந்தோர் தலையசைத்தனர், சிலர் சிரித்தனர், கூட்டம் அடுத்த பொருளுக்கு நகர்ந்தது. வயது முதிர்ந்த ஒரு தாயின் துயரம் அரை நிமிடத்தில் முடித்துவைக்கப்பட்டது. அந்தச் சொல்லோடு நமக்கு ஒரு வழக்கு உண்டு. அதை முறையிடவே இதனை எழுதுகிறோம்.

அந்தத் தாய் மாடம்பாக்கத்தில் வாழ்பவர். கணவரை இழந்தவர். மகள் வீட்டோடு போய் இருப்பதென்று முடிவு செய்து, தேக்குக் கட்டிலையும் மர அலமாரியையும் விற்க எண்ணினார். பேரன் அவற்றைப் படம் பிடித்து, பழைய பொருள்களை விற்கும் இணையச் சந்தை ஒன்றில் விலை குறித்து ஏற்றினான். ஒரு மணி நேரத்திற்குள் அழைப்பு வந்தது. பேசியவன் தன்னை விமானப்படை வீரன் என்றான். தாம்பரம் தளத்திற்கு மாற்றலாகி வருவதாகச் சொன்னான். சீருடை அணிந்த படத்தையும் அடையாள அட்டையின் படத்தையும் அனுப்பினான். பேரமே பேசவில்லை. (பேரம் பேசாமல் வாங்க வருகிறவனை நம் பாட்டிமார் ஐயுற்றிருப்பார்கள். நாமோ அவனை நல்ல மனிதன் என்று எண்ணப் பழகிவிட்டோம்.)

படைவீரன் வேடம் இந்தியா முழுவதும் போடப்படும் வேடம்தான். ஆனால் சேலையூரிலும் மாடம்பாக்கத்திலும் அதற்கு ஒரு தனி வலிமை உண்டு. பயிற்சி விமானங்களின் ஓசை நம் காதுக்குப் பழகியது. ஞாயிறு திருப்பலியில் நம் பக்கத்தில் மண்டியிடுகிறவர்களில் படைவீரர்களின் குடும்பங்களும் உண்டு. சீருடையை நம்புவது இங்கே அறியாமை அன்று. அது அனுபவத்தில் விளைந்த மரியாதை. அந்த மரியாதையைத்தான் அவன் திருடினான்.

முதலில் ஐந்து ரூபாய் அனுப்பினான். அது வந்து சேர்ந்தது. பிறகு கட்டங்கள் நிறைந்த ஒரு சதுரப் படத்தை அனுப்பி, "இதைக் கைப்பேசியில் காட்டி உங்கள் இரகசிய எண்ணை அழுத்துங்கள், பணம் உங்கள் கணக்கில் ஏறும்" என்றான். அழுத்தினார். பன்னிரண்டாயிரம் ரூபாய் கணக்கை விட்டுப் போயிற்று. "தவறாகிவிட்டது அம்மா, திருப்பி அனுப்புகிறேன், இன்னொரு முறை அழுத்துங்கள்." மீண்டும் பன்னிரண்டாயிரம். பணம் செலுத்தத்தான் இரகசிய எண் வேண்டும், பெறுவதற்கு அது தேவையே இல்லை என்பது அன்று மாலை பேரன் வந்து சொன்ன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. கட்டில் இன்னும் கூடத்தில்தான் கிடக்கிறது.

மூன்று வாரம் கழித்து அவர் பங்கு இல்லத் திண்ணைக்கு வந்தார். பண உதவி கேட்டு வரவில்லை. "சாமி, அவர் வாங்கிப் போட்ட கட்டிலைக் காசாக்க நினைத்ததற்கு ஆண்டவர் கொடுத்த தண்டனையா இது?" என்று கேட்டார். அவர் இசைவோடுதான் இதை எழுதுகிறோம். ஆனால் நாம் முதலில் சொன்ன மறுமொழியையும் எழுதியாக வேண்டும். "கொஞ்சம் கவனமாக இருந்திருக்கக் கூடாதா அம்மா?" என்றோம். இறையியல் படித்த வாயிலிருந்து வந்ததும் பேரவைப் பெரியவரின் பழமொழியேதான். சற்று மென்மையான குரலில் வந்தது, அவ்வளவே.

அந்த மூன்று வாரம் எங்கே போயிற்று? 1930 என்ற எண்ணுக்கு அழைத்து உடனே முறையிட்டால், பணம் கைமாறி மறைவதற்குள் அதை வங்கியில் தடுத்து நிறுத்த வழியிருக்கிறது. தாம்பரத்துக்கென்றே 2022 முதல் தனி மாநகரக் காவல் ஆணையரகம் இயங்குகிறது. முதல் சில மணி நேரமே இதில் உயிர்நாடி. அந்தத் தாய்க்கோ அந்த மணி நேரங்களில் மருமகன் என்ன சொல்வார், பக்கத்து வீட்டார் எப்படிச் சிரிப்பார்கள் என்ற அச்சமே மேலோங்கி நின்றது. பேரனிடமும் யாருக்கும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டாராம். ஏமாந்தவரை எள்ளும் ஊரில் ஏமாந்தவர் வாய் திறப்பதில்லை. வாய் திறவாத ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு நாம் அளிக்கும் அவகாசம். அந்தப் பழமொழி வெறும் ஆறுதலற்ற சொல் என்று நினைத்திருந்தோம். அது திருடனுக்குக் காவல் நிற்கும் சொல் என்பது இப்போது விளங்குகிறது.

இதே பழமொழிக்குப் பின்னால் இன்னொருவரும் ஒளிந்து நிற்கிறார். அவர் சந்தையை நடத்துகிறவர்.

இணையச் சந்தையின் பிறப்பை எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. 1995இல் அமெரிக்காவில் பியர் ஓமிட்யார் என்பவர் ஓர் ஏலத்தளம் தொடங்கினார். அதுவே பின்னர் ஈபே ஆனது. அதில் முதலில் விலைபோனது பழுதான ஒரு லேசர் சுட்டுக்கருவி, விலை 14.83 டாலர். எடுத்தவருக்கு ஓமிட்யாரே எழுதி, "இது பழுதானது, தெரியும்தானே?" என்று கேட்டார் என்றும், பழுதான கருவிகளைச் சேகரிப்பதே தம் பொழுதுபோக்கு என்று அவர் மறுமொழி தந்தார் என்றும் சொல்வார்கள். குறையைத் தானே முன்வந்து சொன்ன விற்பனையாளர்! ஐந்தே ஆண்டுகளில் காட்சி மாறியது. 2000ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவின் வழக்கறிஞர் ஒருவர், பெரும் ஓவியர் ஒருவருடையது போலத் தோன்றும்படி ஒரு படத்தை அதே தளத்தில் ஏலத்துக்கு வைத்தார். ஏலம் 1,35,805 டாலர் வரை ஏறியது. வேறு பெயர்களில் அவரும் கூட்டாளிகளும் தங்களுக்குள்ளேயே ஏலம் கேட்டு விலையை உயர்த்தியது பிறகு வெளிப்பட்டது. அடுத்த ஆண்டு அவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

நம் ஆலய வளாகத்திலும் திருவிழா நாளில் ஏலம் நடக்கிறது. காணிக்கையாக வந்த சேவலைக் காலைப் பிடித்துத் தூக்கிக் காட்டி, "ஒரு தரம், இரண்டு தரம்" என்று கூவுகிறோம். சேவல் நொண்டியா நல்லதா என்பதைக் குழந்தையும் காணும். காணிக்கை கொடுத்தவரின் மைத்துனர் வீம்புக்கு விலையை ஏற்றினால் அன்று மாலைக்குள் தெருவே பேசும். கேட்கிறவரின் முகம் தெரியும். முகம் தெரிவதால் ஒரு கூச்சம் இருக்கும். இணைய ஏலம் அந்த முகத்தை அகற்றிவிட்டது. அகற்றியதால் வரும் வருவாயை எடுத்துக்கொள்கிறவர், அதனால் வரும் கேட்டுக்கு மட்டும் தாம் பொறுப்பில்லை என்கிறார்.

இந்தியாவிலும் இந்த வழக்கு நடந்தது. 2000இல் மும்பையில் தொடங்கிய பாஸீ என்ற ஏலத்தளத்தை 2004இல் ஈபே வாங்கியது. அதே ஆண்டு டிசம்பரில், யாரோ ஒருவர் அதில் விற்பனைக்கு வைத்த ஆபாசப் படத்துக்காக அதன் தலைவர் கைதானார். 2012இல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. அவர் சிறை சென்றது நீதி என்று நாம் சொல்ல வரவில்லை. சந்தையில் எவனோ செய்த குற்றத்திற்கெல்லாம் சந்தைக்காரரைக் கூண்டில் ஏற்ற முடியாது. ஆனால் அந்த வழக்கை ஒட்டிய விவாதங்களுக்குப் பின், 2008இல் திருத்தப்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டம் இடைநிலையாளருக்கு அகலமான ஒரு குடையைப் பிடித்தது. 2020இல் வந்த மின்வணிக விதிகள் அந்தக் குடையைச் சற்றே மடக்கின. முறையீட்டை 48 மணி நேரத்திற்குள் பெற்றுக்கொண்டதாக அறிவிக்க வேண்டும், ஒரு மாதத்திற்குள் தீர்க்க வேண்டும் என்றன. நல்லதே. எனினும், தொழிலாக அன்றித் தம் சொந்தப் பொருளை விற்கும் தனி மனிதரின் செயலுக்கு அவ்விதிகள் பொருந்தா. நம் தாய் விழுந்தது சரியாக அந்த இடைவெளியில்தான்.

"நாங்கள் இடம் மட்டுமே தருகிறோம்" என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கை கழுவிய பிலாத்து நம் நினைவுக்கு வருகிறார். அதிகாரம் அவரிடம் இருந்தது. பொறுப்பு மட்டும் கூட்டத்தினுடையதாம். கதவை அடைக்க முடியாது என்பதும் பொய். யாரும் யாரிடமும் பணம் கேட்டுக் கைப்பேசியில் கோரிக்கை அனுப்பலாம் என்ற வசதி மோசடிக்காரர்களின் இன்னொரு கருவியாக இருந்தது. 2016இல் தொடங்கிய யுபிஐ முறையில், தனி மனிதருக்கிடையேயான அந்த வசதியை 2025 அக்டோபரில் நிறுத்தினார்கள். நிறுத்த முடிந்தது! ஒன்பது ஆண்டுகளாக ஏமாந்தவர்களை நோக்கி "கவனமாக இருங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், ஒரு நாள் கதவைத் தாங்களே சாத்தினார்கள். அப்படியானால் அதுவரை குற்றம் யாருடையது?

இனி நம் பக்கம் திரும்புவோம். இது நமக்குச் சுவையான பகுதி அன்று. புனித தோமா அக்குவினா தம் இறையியல் தொகுப்பில் வாங்கல் விற்றலில் நிகழும் வஞ்சனைக்கென்றே ஒரு வினாவை ஒதுக்கினார். குதிரைக்கு ஒரு கண்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். அதை விற்பவர் சொல்லத் தேவையில்லை. மறைந்திருந்து கேடு செய்யும் குறையைச் சொல்லியே ஆகவேண்டும் என்பது அவர் தீர்ப்பு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. நீரில் கிடந்த வண்டியைத் துடைத்து மெருகிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் வேற்றூர்க்காரர் தலையில் கட்டியவர் நம்முள் ஒருவரும் இல்லையா? இணையத்தில் விலை பேசி முடித்து, வாசலுக்கு வந்த பிறகு "இது இவ்வளவு பெறாது" என்று பாதியாகக் குறைத்து, வீடு திரும்பியதும் மனைவியிடம் பெருமை பேசியவர்? நீதிமொழிகள் நூல் இந்த மனிதரை நன்றாக அறியும். வாணிபத்தை நாம் ஒப்புரவு அருட்சாதனத்திற்கு வெளியே நிறுத்திவிட்டோம். ஆறாம் கட்டளைக்கு எதிரான பாவங்களை நுணுக்கமாக ஆராய்கிறவர்கள், ஏழாம் கட்டளையை வழிப்பறிக்காரனுக்கு உரியதென்று ஒதுக்கிவிடுகிறோம். நம் மறையுரைகளும் இதற்குத் துணை போயிருக்கின்றன.

அந்தத் தாய் இப்போது தம் அன்பியக் கூட்டத்தில் நடந்ததைத் தாமே எழுந்து சொல்லிவிட்டார். சொல்லி முடித்தபோது, வேறு மூன்று பேர் தங்களுக்கும் நடந்தது என்று மெல்லிய குரலில் சொன்னார்களாம். ஒருவர் அரசுப் பணியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அதுவரை மனைவிக்கும் தெரியாதாம். பங்குப் பேரவையின் அடுத்த கூட்டத்தில் இதை முதல் பொருளாக வைத்திருக்கிறோம். அந்தப் பெரியவரும் வருவார். அவரிடமும், அவருக்கு முன்பே திண்ணையில் அதே சொல்லைச் சொன்ன நம்மிடமும் அந்தத் தாய் என்ன கேட்கப்போகிறார் என்பதை அன்று கேட்போம்.