சிங்க்கில் போன மார்க்

"அக்கா, பிராக்டிகல் போச்சுக்கா! பாதியை சிங்க்ல ஊத்திட்டேன்."

மதுரையில் பி.எஸ்சி கெமிஸ்ட்ரி படிக்கும் சித்தி மகள் போனில் ஒரே அழுகை. எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஜர்னலிசம் பக்கம் வருவதற்கு முன்னால் நானும் அதே கெமிஸ்ட்ரி படித்து, அதே தப்பைச் செய்தவள்தானே!

பென்சாயிக் அமிலமும் நாஃப்தலீனும் கலந்த வெள்ளைப் பொடி ஒன்றைக் கொடுப்பார்கள். முன்னது சாஸ், ஜூஸ் பாட்டில்களில் கெடாமல் இருக்கச் சேர்ப்பதன் சொந்தக்காரன். பின்னது பீரோவில் போடும் அந்துருண்டை. இரண்டையும் பிரிக்கணும்.

பொடியை ஈதரில் கரைத்து, பிரிபுனலில் ஊற்றி, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரைச் சேர்த்துக் குலுக்கணும். சோடா பாட்டில் மாதிரி கேஸ் சேரும். அடிக்கடி குழாயைத் திறந்து, யார் முகத்துக்கும் நேராக இல்லாமல் வெளியேற்றணும். இல்லையென்றால் மூடி பறக்கும்!

உள்ளே நடப்பது இதுதான். பென்சாயிக் அமிலம் சோடாவோடு சேர்ந்து உப்பாக மாறுகிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் அந்த அமிலம் 3.4 கிராம்தான் கரையும். அதன் உப்போ 500 கிராமுக்கு மேல் கரையும். அதனால் ஈதரை விட்டுத் தண்ணீருக்குக் குடிபோய்விடும். நாஃப்தலீன் அமிலமும் இல்லை, காரமும் இல்லை. இருந்த இடத்திலேயே இருக்கும். தண்ணீரைத் தனியே பிடித்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால், பென்சாயிக் அமிலம் வெள்ளை வெளேரென்று திரும்ப வந்து நிற்கும்.

தங்கச்சி சறுக்கியது எங்கே? அன்று ஈதருக்குப் பதில் குளோரோஃபார்ம். ஈதர் தண்ணீருக்கு மேலே மிதக்கும். குளோரோஃபார்ம் அடியில் தங்கும். கடைசியாக வெறும் தண்ணீர் விட்டு அலசியவள், பழைய பழக்கத்தில் 'கீழே இருப்பது அலசின தண்ணீர்தானே' என்று குழாயைத் திறந்துவிட்டாள். நாஃப்தலீன் மொத்தமும் காலி! சந்தேகம் வந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கணும். கலந்துவிட்டால் அதுதான் தண்ணீர் அடுக்கு. எடை போட்டு முடிக்கும்வரை எதையும் கொட்டக் கூடாது.

"இதெல்லாம் யாருக்குக்கா உபயோகம்?" என்றாள் கோபத்தில்.

கொயினா மருந்தே இந்த வித்தையில் வந்ததுதான். 1860-களில் நீலகிரியில் சிங்கோனா மரம் வளர்த்தார்கள். பிறகு நடுவட்டத்தில் அரசு குவினைன் தொழிற்சாலை வந்தது. குவினைன் காரம் என்பதால் ஆட்டம் அப்படியே தலைகீழ். பட்டைப் பொடியில் சுண்ணாம்பைக் கலந்து குவினைனை விடுவித்து, எண்ணெயில் இறக்கி, நீர்த்த கந்தக அமிலத்தோடு குலுக்கினால் உப்பாகித் தண்ணீருக்கு வந்துவிடும். மலேரியாவுக்கு அப்போது இருந்த பெரிய மருந்து அதுதான். 1887 முதல் 1895 வரை முல்லைப் பெரியாறு அணை கட்டியபோது, மலேரியாவுக்கு உயிரைக் கொடுத்த தொழிலாளர்கள் ஏராளம். மேலூர் வரை நம்ம வயலில் பாய்வது அந்த அணைத் தண்ணீர்தான்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அடுத்த வாரம் ரிப்பீட் இருக்குக்கா. இந்த தடவை ரெண்டு பீக்கர்லயும் பேர் எழுதி ஒட்டிடுறேன்" என்றாள்.