பெட்டியில் எதை வைத்து அனுப்புவது?



சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை. அஸர் தொழுகை முடிந்து மத்ரஸாப் பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்த நேரம். ஒரு தாய் முந்தானைக்குள் ஒரு கடிதத்தை மறைத்தாற்போல் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். உயர்தரம் படிக்கும் அவருடைய மகள் மலேசியாவுக்குப் பதினான்கு நாள் கல்விச் சுற்றுலா செல்லத் தெரிவாகியிருக்கிறாள். பிள்ளை இதுவரை கட்டுநாயக்க விமான நிலையத்தின் வாசலைக்கூடக் கண்டதில்லை.

"ஹஸரத், அனுப்பலாமா? குமர்ப் பிள்ளை. ஊர் என்ன சொல்லுமோ?" என்றார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. இதே கேள்விக்கு ஒருமுறை அவசரப்பட்டுப் பதில் சொன்னவன் நான்.

அது 2011ஆம் ஆண்டு. அரபுக் கல்லூரியை விட்டு வெளியேறி அதிக காலம் ஆகாத இளம் மௌலவி. கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் இருப்பதை அவமானமாக நினைக்கும் வயது. தலவாக்கலை பஸாரில் சிறிய கடை வைத்திருந்த ஒருவரின் மகளுக்கு, பத்து நாள் சென்னை போய் வரும் வாய்ப்பு வந்தது. விஞ்ஞானப் பிரிவு மாணவியருக்கான பயணம். தாய் வந்து கேட்டார். "மஹ்ரம் இல்லாத பிரயாணம், பிறகு என்ன அவசரம், படிப்பை இங்கேயே படிக்கலாமே" என்று இரண்டே வரியில் சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த இடம் வேறொரு பிள்ளைக்குப் போயிற்று.

மார்க்கச் சட்டத்தை எடுத்துச் சொல்வது என் கடமை. அதில் இன்றும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சட்டத்தைச் சொல்லிக் கதவை மூடுமுன், தந்தையோ சகோதரனோ கூடப் போக ஒரு வழி இருக்கிறதா என்று கேட்பதும் என் கடமைதானே? நான் கேட்கவில்லை. இரண்டு மூன்று வருடங்கள் கழித்து அந்தத் தந்தையே ஒரு கல்யாண வீட்டில் சாதாரணமாகச் சொன்னார்: "நான் கடையைப் பத்து நாள் பூட்டிவிட்டு அவளோட போகத்தான் இருந்தேன் ஹஸரத். நீங்க வேணாமென்டு சொன்னதா வீட்டில சொன்னாங்க. விட்டுட்டேன்."

அன்று அந்தப் புரியாணி எனக்கு இறங்கவில்லை.

2018 டிசம்பர் விடுமுறையில் அதே வீட்டில் அவளுடைய தம்பிக்கு ஒன்பது நாள் ஜப்பான் போகும் வாய்ப்பு வந்தது. அப்போது என்னிடம் யாரும் கேட்க வரவில்லை. ஆண் பிள்ளை அல்லவா? ஊரும் ஒன்றும் சொல்லவில்லை. சகோதரிகளே, இந்த இடத்தில் சற்று நின்று யோசியுங்கள். அன்னிய நாட்டில் உணவு ஹராமாகிவிடுமோ, தொழுகை தவறிவிடுமோ, சகவாசம் கெட்டுவிடுமோ என்ற பயமெல்லாம் மகளுக்கு மட்டுமா உரியது? மகனை எதுவும் கேட்காமல் அனுப்புகிறோம், மகளை எதுவும் கேட்காமல் நிறுத்துகிறோம். இரண்டு இடத்திலும் நாம் விசாரிப்பதில்லை.

அந்தத் தம்பியின் பயணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பயணம் உறுதியானதும் வீடு கல்யாண வீடாகிவிட்டது. பெரியம்மா வீட்டிலிருந்து ஒரு பட்டியல், சாச்சா வீட்டிலிருந்து ஒரு பட்டியல். கைக்கடிகாரம், அத்தர், மடக்குக் குடை, பிள்ளைகளுக்குச் சொக்லட், யாரோ ஒருவருக்கு நல்ல சமையல் கத்தி. தாயின் ஒரு சோடிக் காப்பு அடகுக்குப் போனது. புதிய குளிர்ச்சட்டை வாங்கினார்கள். (தலவாக்கலையில் பிறந்தவனுக்குக் குளிர்ச்சட்டையா என்று நான் கேலி செய்தேன். அங்கே டிசம்பர் குளிர் நம் குளிர் அல்ல என்பது பிறகுதான் தெரிந்தது.) பெட்டியில் முறுக்கும் மாசிச் சம்பலும் வைத்தார்கள். கூடவே, "பன்றியிறைச்சி மட்டுமல்ல, நூடில்ஸின் சூப்பையும் கேட்டுக் குடி. அது பன்றி எலும்பில் காய்ச்சியதாக இருக்கலாம். சமையலில் மிரின் என்ற அரிசி மதுவையும் சேர்ப்பார்கள். மீனும் சோறும் முட்டையும் உனக்குப் போதும்" என்று அவனுடைய ராத்தா ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். அந்த வீட்டில் உருப்படியாக விசாரித்தவள் அவள் ஒருத்திதான். யார் என்று புரிந்திருக்கும். சென்னைக்குப் போகாத அதே பிள்ளை. அப்போது அவள் ஆசிரியையாகியிருந்தாள்.

தம்பி போனான். ஜப்பானில் ஷிஸுவோகா என்ற மாகாணத்தில் ஒரு குடும்பத்தோடு இரண்டு நாள் தங்கவைத்தார்கள். தேயிலைக்குப் பேர்போன பகுதி அது. அந்த வீட்டின் வயதான அம்மையார், பையன் இலங்கையின் தேயிலை மலையிலிருந்து வந்தவன் என்று கேள்விப்பட்டதும் ஆசையோடு ஒரு கேள்வி கேட்டாராம். மொழிபெயர்ப்பாளர் எடுத்துச் சொன்னார்: "எங்கள் தேயிலை பச்சையாகவே இருக்கிறது. இலை அதே செடியின் இலைதான். உங்களுடையது மட்டும் எப்படிக் கறுப்பாகிறது?"

நம் பிள்ளைக்குப் பதில் தெரியவில்லை.

பிறந்த நாள் முதல் ஜன்னலைத் திறந்தால் தேயிலை. பாடசாலைக்குப் போகும் வழியெல்லாம் கொழுந்து வாசனை. தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் தொடங்கப்பட்டது. அது இருப்பது நம் தலவாக்கலையின் சென். கூம்ஸ் தோட்டத்தில்தான். இந்த ஓர் இலையைப் பற்றி அறிய எங்கெங்கிருந்தோ ஆட்கள் நம் ஊருக்கு வருகிறார்கள். பையனோ ஒருநாளாவது அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. எத்தனை பேரிடம் இதைச் சொல்லி நான் வருந்தியிருக்கிறேன் தெரியுமா? ஆனால் பிள்ளைப் பருவத்தில் நானும் பார்த்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

விஷயம் இதுதான். ஜப்பானில் கொழுந்தைப் பறித்த உடனேயே ஆவியில் வேகவைத்துவிடுகிறார்கள். அதனால் இலையின் நிறம் மாறும் வேலை அங்கேயே நின்றுவிடுகிறது. இங்கே அப்படியல்ல. இரவு முழுக்க இலையைக் காற்றில் வாட்டி, பிறகு உருட்டி, இலையின் சாறு காற்றோடு சேர்ந்து நிறம் மாறும்வரை விட்டுவைத்து, அதன்பின்னரே சூட்டில் உலர்த்துகிறார்கள். நாலரைக் கிலோ அளவு பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலை ஆகிறது. நம் வீட்டுப் பெண்கள் நாளுக்கு நான்கு தடவை ஊற்றும் பிளேன்டீயின் கதை இவ்வளவுதான். இதைச் சொல்லியிருந்தால் அந்த அம்மையார் மகிழ்ந்திருப்பார், பிள்ளைக்கும் ஓர் உறவு கிடைத்திருக்கும். அவன் சிரித்துச் சமாளித்துவிட்டான்.

கடைசி இரண்டு மாலைப் பொழுதுகளும் பட்டியல்களுக்கே போய்விட்டன. மற்றப் பிள்ளைகள் ஒரு நூதனசாலையைப் பார்க்கப் போனபோது இவன் கத்தி தேடி அலைந்திருக்கிறான்.

திரும்பி வந்த இரவு வீடு நிறைய ஆட்கள். பெட்டியைத் திறந்தார்கள். அத்தர் யாருக்கு, குடை யாருக்கு என்று பங்கு பிரிப்பு நடந்தது. ஒருவருக்கு மனஸ்தாபமும் வந்தது. எல்லோரும் போன பிறகு ராத்தா மட்டும் கேட்டாள்: "கொப்பி எங்கே?" போகும்போது அவள் வாங்கிக் கொடுத்த கொப்பி. நான்கு பக்கம்தான் எழுதியிருந்தான். அந்த நான்கு பக்கத்தையும் அவள் இரண்டு முறை வாசித்தாளாம். பிறகு விடியும்வரை கேள்வி. பள்ளிக்கூடத்தைப் பிள்ளைகளே கூட்டித் துடைப்பது உண்மையா? அந்த வீட்டுப் பாட்டி என்ன கேட்டார்? தேயிலைக் கேள்வி வெளிவந்தது அப்போதுதான்.

இந்தச் செய்தியை அவன் என்னிடம் சொன்னபோது எனக்கு ஒரு ஹதீஸ் நினைவுக்கு வந்தது. மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரலி) அவர்களும் ஏறத்தாழ ஒரே வயதுடைய சில வாலிபர்களும் கல்வி கற்பதற்காக மதீனா வந்தார்கள். தங்கியது இருபது இரவுகள்தான். அவர்களுக்கு வீட்டு நினைவு வந்துவிட்டதை நபி (ஸல்) அவர்கள் கண்டுகொண்டார்கள். வீட்டில் யார் யாரை விட்டு வந்தீர்கள் என்று விசாரித்தார்கள். பிறகு, குடும்பத்தாரிடம் திரும்பிப் போய்க் கற்றதைக் கற்றுக்கொடுக்கும்படி அனுப்பிவைத்தார்கள். புகாரியில் பதிவாகியுள்ள செய்தி இது. பல வருடம் இதைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். தொழுகைச் சட்டத்துக்கு ஆதாரமாக மட்டுமே நடத்தினேன். இருபது நாள் போதும் என்பதும், பிள்ளைக்கு வீட்டு நினைவு வருவது குற்றமல்ல என்பதும், திரும்பி வந்தவனிடம் கற்றுக்கொள்ள வீட்டார் காத்திருக்க வேண்டும் என்பதும் அதில் இருப்பதை அந்தக் கொப்பிதான் எனக்குக் காட்டியது.

நம் நாட்டில் அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1911இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். 1934இல் வரலாறு படிக்க இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்குப் போனார். சிவில் சேவைப் பரீட்சையில் தேறிய செய்தி வரவே, படிப்பை முடிக்காமல் சில மாதங்களிலேயே திரும்பினார். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர்தான். அந்தச் சில மாதம் வீண் என்று யார் சொல்ல முடியும்? வசதியில்லாத பிள்ளைகளும் உயர்கல்வி பெறட்டும் என்று 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கியவர் அவர். 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக இருந்தார். எகிப்துக்குப் போய்வந்து 'மிஸ்ரின் வசியம்' என்று தமிழில் எழுதினார். கிழக்காபிரிக்காவுக்குப் போய்வந்தும் எழுதினார். அவர் பெட்டியில் அத்தர் கொண்டுவந்தாரா என்பது நமக்குத் தெரியாது. புத்தகம் இருக்கிறது.

சரி, கடிதத்தோடு வந்த தாயிடம் திரும்புவோம். இம்முறை நான் கேள்விகளைத்தான் கேட்டேன். கூடப் போகும் ஆசிரியைகள் எத்தனை பேர்? அறையில் யார் யார் படுப்பார்கள்? மாலையில் எத்தனை மணிக்குள் தங்குமிடம் வந்துவிடுவார்கள்? மஹ்ரமாக யாராவது கூடப் போக முடியுமா? மகளின் தாய்மாமன் தன் செலவில் போய்வரத் தயார் என்றார். பாடசாலையும் சம்மதித்திருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ், பாதிக் கவலை அங்கேயே தீர்ந்தது. பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் எழுத்துக்கெழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். நம் வீடுகளில் ஒரே பாத்திமாவை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதி வைத்திருப்போம். கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கப் போகும்போதுதான் கண் திறக்கும். பிரயாணத்தில் தொழுகையைச் சுருக்கியும் சேர்த்தும் தொழும் முறையை மகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒருநாள் மாலை வரச் சொன்னேன். நகையை அடகு வைக்க வேண்டாம் என்றேன். சொந்தக்காரரின் பட்டியலை வாங்கவே வாங்காதீர்கள், கேட்டால் ஹஸரத் தடுத்துவிட்டார் என்று என் மேல் பழியைப் போடுங்கள் என்றேன். என்னைச் சொல்லி ஒரு பயணம் நின்றுபோனது. என்னைச் சொல்லி ஒரு பட்டியலாவது நிற்கட்டுமே.

பிறகு அவரை அந்த ஆசிரியையின் வீட்டுக்கு அனுப்பினேன். மற்றதெல்லாம் என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கடந்த சனிக்கிழமை அவள் இந்தப் பிள்ளையையும் தன் வகுப்பு மாணவியர் சிலரையும் அழைத்துக்கொண்டு ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையைப் பார்க்கப் போயிருந்தாள். தம்பியும் கூடப் போனானாம், பெரிய ஆளாகிவிட்டவன். இலை வாட்டும் மாடியில் நின்று பிள்ளைகள் கேட்ட கேள்விகளுக்கு அங்கிருந்த உத்தியோகத்தர் பொறுமையாகப் பதில் சொல்லியிருக்கிறார். பிள்ளை தன் கொப்பியில் ஆறு பக்கம் எழுதிவிட்டாள். கடவுச்சீட்டு இன்னும் கைக்கு வரவில்லை.