கடல் தாண்டிய சான்றிதழ் எதற்கு?

எமர்சன், தோரோ, எலியட் ஆகிய மூவரின் பெயரையும் ஒரே மூச்சில் அடுக்கி, "அமெரிக்க இலக்கியமே நம் வேதாந்தத்தின் காலடியில் பிறந்தது" என்று முடித்தால், திருவண்ணாமலை வட்டாரத்தில் எந்த மேடையிலும் கைதட்டல் நிச்சயம். கீழ்பென்னாத்தூர்க்காரன் என்ற உரிமையில் சொல்கிறேன்: இந்தப் பெருமிதத்தில் பாதி பொய், மீதிப் பாதி நம்மையே சிறுமைப்படுத்துவது.

முதலில் ஆண்டுகளைப் பார்ப்போம். எமர்சனின் 'இயற்கை' வெளிவந்தது 1836இல். அவர் கீதையின் ஆங்கில மொழிபெயர்ப்பில் ஆழ்ந்தது 1845இல். சிந்தனையாளராகப் பெயர் பெற்ற பிறகுதான் கீதை அவர் மேசைக்கு வந்தது. அமெரிக்கக் கவிஞர் விட்மனின் 'புல்லின் இதழ்கள்' 1855இல் வந்தது. அடுத்த ஆண்டு அவரைச் சந்தித்த தோரோ, கீழைநாட்டு நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை, நீங்களே சொல்லுங்கள் என்பதே விட்மனின் பதில். தோரோ தம் கடிதத்தில் பதிவு செய்திருக்கும் செய்தி இது. வேதாந்தம் காதில் விழுமுன்பே வேதாந்தம் போல ஒலிக்கும் கவிதையை ஒருவர் எழுத முடியும். மனித மனம் எந்த ஒரு நாட்டுக்கும் பட்டா போட்டுத் தரப்பட்டதல்ல.

வேதாந்தத்தின் தாக்கம் உண்டுதான். எமர்சன் 1857இல் 'பிரம்மா' என்ற தலைப்பிலேயே கவிதை வெளியிட்டார். எலியட்டின் 'பாழ்நிலம்' (1922) பிருகதாரண்யக உபநிடதத்தின் சொற்களோடு முடிகிறது. ஆனால், அவர்கள் நம் நூல்களை எப்படிப் படித்தார்கள் என்பதை மட்டும் மேடைகள் மறைத்துவிடுகின்றன.

தோரோ 1849இல் வெளியிட்ட தம் முதல் நூலில் கீதையை வானளாவப் புகழ்கிறார். அதே நூலில், அர்ச்சுனன் ஏன் போரிட வேண்டும் என்பதற்குக் கண்ணன் சொல்லும் காரணம் போதாது என்றும் எழுதுகிறார். சாதி, விதி என்னும் எண்ணங்கள் பிராமணரின் செயலூக்கத்தை முடக்கிவிட்டன என்றும் சொல்கிறார். அடிமை முறையைக் காக்கும் அரசுக்கு வரி கட்ட மாட்டேன் என்று 1846இல் ஓர் இரவு சிறையில் கிடந்தவர் அவர். விதித்த கடமையைக் கேள்வியின்றிச் செய் என்றால் அவர் எப்படி ஏற்பார்? அவருடைய புகழுரையை மேடையேற்றி மறுப்புரையைப் புதைப்பது நேர்மையல்ல.

எலியட் ஹார்வர்டில் சமஸ்கிருதம் கற்றார், பதஞ்சலியைப் பயின்றார். இந்தியச் சிந்தனைக்குள் முழுமையாக நுழைய வேண்டுமானால் ஓர் அமெரிக்கனாக, ஐரோப்பியனாக நினைப்பதையும் உணர்வதையும் மறக்க வேண்டும், அதற்குத் தமக்கு விருப்பமில்லை என்று பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். 1927இல் அவர் சேர்ந்தது ஆங்கிலிக்கன் திருச்சபையில்.

நம் மலையடிவாரத்துக் கதையும் இப்படித்தான் திரிக்கப்படுகிறது. 1938இல் திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்கு வந்த சாமர்செட் மாம், 1944இல் 'தி ரேஸர்ஸ் எட்ஜ்' நாவலை வெளியிட்டார். அதையும் அமெரிக்கக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். நாவலின் நாயகன்தான் அமெரிக்கன், எழுதியவர் ஆங்கிலேயர். நாயகன் தேடிப்போகும் குருவையும் அவர் திருவாங்கூரில்தான் வைத்தார்.

இவை தகவல் பிழைகள், திருத்திவிடலாம். பெரிய கேடு வேறு. வெளிநாட்டார் மெச்சியதால்தான் நம் தத்துவம் உயர்ந்தது என்றால், நாளை அவர்கள் முகம் திருப்பினால் அது தாழ்ந்துவிடுமா? வெள்ளைக்காரனின் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டு, அதைத் தன்மானம் என்கிறோம். அடிமைப் புத்தி இதைவிட வேறு எப்படி இருக்கும்?

நம் கையருகே இருப்பதைப் பாருங்கள். சிவப்பிரகாசம் பிள்ளை என்பவரின் கேள்விகளுக்கு ரமணர் தந்த விடைகளே 'நான் யார்?' என்ற சிறு நூல். அவருடைய 'உள்ளது நாற்பது' வெண்பாவில் அமைந்தது. இரண்டும் தமிழில் பிறந்தவை. பிறந்த இடமும் நமக்குப் பக்கத்து ஊர். மேடையில் தோரோவைச் சொல்லி மார்தட்டுகிறவர்களில் எத்தனை பேர் இவற்றைப் புரட்டியிருப்பார்கள்? எமர்சனும் தோரோவும் கிடைத்த மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டே நம் நூல்களோடு மல்லுக்கு நின்றார்கள். மூலத்தைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு நாம் கைதட்டிக்கொண்டிருக்கிறோம்.

அவர்கள் வணங்கினார்கள் என்று பெருமை பேசுவதை நிறுத்துவோம். அவர்களைப் போலப் படிக்கவும், ஏற்கவும், மறுக்கவும் நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போம். கீழ்பென்னாத்தூர்ப் பள்ளியில் ஒரு மாணவி கீதையைப் படித்துவிட்டு, "இந்தக் காரணம் போதாது" என்று எழுந்து நின்றால், அவளை அதட்டி உட்கார வைக்காத வகுப்பறை வேண்டும். 1849இல் தோரோ எடுத்துக்கொண்ட உரிமை அவளுக்கும் உண்டு.