பெருந்திரையும் லேசர் ஒளியும்

படவேட்டு ரேணுகாம்பாள் சந்நிதிக்குச் சென்ற ஆடி வெள்ளியன்று நாம் சென்றிருந்தோம். ஜவ்வாது மலையடிவாரத்திலே அன்று கூடியிருந்த ஜனத்திரளிடையே முதியவர் ஒருவர் நம்மை அடையாளங்கண்டு அருகில் வந்தார். அவர் ஒரு காலத்தில் போளூர், ஆரணிப் பக்கங்களில் டூரிங் டாக்கீஸ் கொட்டகைகளிலே ஆபரேட்டராக வேலை பார்த்தவர். "கோயமுத்தூரிலே லேசர் வைத்துப் படம் காட்டுகிறார்களாமே, ஐயா! அதிலே ரீலே கிடையாதாமே! ரீல் இல்லாவிட்டால் படம் எங்கேதான் இருக்கிறது?" என்று அவர் கேட்டார். கேட்டவர் அதிகம் படித்தவரல்லர். ஆயினும், இவ்விஷயத்தைப்பற்றிப் பட்டணத்துப் பத்திரிகைகளில் வெளிவரும் விளம்பரங்களையும் புகழுரைகளையும்விட அவருடைய கேள்வியே விஷயத்தின் வேரைத் தொடுகிறது என்பது நமது அபிப்பிராயம்.

பெருந்திரை என்று உலகம் இன்று அறிவது பெரும்பாலும் ஐமாக்ஸ் என்னும் கானடா தேசத்துக் கம்பெனியின் ஏற்பாட்டையேயாகும். 1967ஆம் ஆண்டில் தோன்றிய அந்த ஸ்தாபனம், 1970இல் ஜப்பானிலுள்ள ஒஸாகா பொருட்காட்சியில் தன் முதற் படத்தைக் காட்டிற்று. சாதாரணச் சினிமாவில் 35 மில்லிமீட்டர் பிலிம் மேலிருந்து கீழாக ஓடும். ஐமாக்ஸிலோ 70 மில்லிமீட்டர் பிலிம் பக்கவாட்டில் ஓடும். ஒவ்வொரு படத்துக்கும் பதினைந்து துவாரங்கள். இதனால் ஒரு படத்தின் பரப்பு சாதாரணப் பிலிமைப்போல் எட்டு ஒன்பது மடங்காயிற்று. ஆறேழு மாடி உயரத் திரையிலே அதை விரித்தாலும் துலக்கம் குன்றாதிருந்தது. அத்திரைக்கு வெளிச்சம் கொடுக்கப் பதினைந்து கிலோவாட் சக்தியுள்ள செனான் விளக்கை நீரோட்டத்தால் குளிரவைத்து எரித்தார்கள்.

இதற்காகும் செலவும் சிரமமும் அதற்கேற்றவாறே இருந்தன. 2023இல் வெளியான ஓப்பன்ஹைமர் என்ற படத்தின் ஐமாக்ஸ் பிலிம் பிரதி ஒன்று சுமார் பதினொரு மைல் நீளமும் அறுநூறு ராத்தல் எடையும் உடையது. உலகம் முழுவதிலும் அதைப் பிலிமாகவே காட்ட வசதியுள்ள கொட்டகைகள் முப்பதுதான் இருந்தன. அம்முப்பதில் இந்தியாவில் ஒன்றுமில்லை. சினிமாப் பித்தில் எவருக்கும் நாம் இளைத்தவர்களல்லோமென்று மார்தட்டிக்கொள்ளும் நமக்கு இது கொஞ்சம் வெட்கமான சேதிதான்.

முன்பு நம்மிடம் அது இல்லாமலில்லை. எல். வி. பிரசாத்தின் குடும்பத்தார் ஹைதராபாத்தில் 2003இல் திறந்த கொட்டகையில் 72 அடி உயரமும் 95 அடி அகலமுமுள்ள திரை இருந்தது. பம்பாய் வடாலாவிலும் அத்தகைய அரங்கொன்று இருந்தது. 2018 மார்ச்சில் கிறிஸ்டபர் நோலன் பம்பாய்க்கு வந்தபோது தமது டன்கர்க் படத்தை அங்கே பிலிம் பிரதியிலேயே காட்டினார். பின்னர் ஹைதராபாத் அரங்கு ஐமாக்ஸ் சம்பந்தத்தை அறுத்துக்கொண்டு, தன் சொந்தப் பெயரில் லேசர் புரொஜெக்டர்களை வைத்துப் புதுப் பெருந்திரையை அமைத்துக்கொண்டது. கானடாக் கம்பெனியும் பிலிமைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. 2008இல் செனான் விளக்குள்ள இரட்டை டிஜிட்டல் கருவிகளுக்கும், 2014ஆம் ஆண்டின் இறுதியில் லேசருக்கும் மாறிவிட்டது. முதலில் வந்த டிஜிட்டல் கருவியைக் கண்ட அமெரிக்க ரசிகர்கள், சிறு திரைக்குப் பெரிய பெயர் வைத்துப் பெரிய கட்டணம் வாங்குகிறார்களென்று கூச்சலிட்டார்கள். அந்தக் கூச்சலில் நியாயமிருந்தது.

லேசரைப்பற்றி அவ்விதம் கூற இயலாது. செனான் விளக்கு சில நூறு முதல் இரண்டாயிரம் மணி வரையில் எரிந்து மங்கிவிடும். லேசர் இருபதாயிரம் மணிக்கு மேலும் உழைக்கும். கறுப்பு கறுப்பாகவும், சிவப்பு இரத்தச் சிவப்பாகவும் தெரிகின்றன. கண்ணாடி அணிந்து பார்க்கும் முப்பரிமாணப் படங்களில் முன்பிருந்த மங்கல் பெருமளவு நீங்கிவிட்டது. கோயமுத்தூரில் 2023இல் திறக்கப்பட்ட பிராட்வே அரங்கில் ஐமாக்ஸ் லேசரைப் பார்த்தவர்கள் சொல்லும் புகழ்ச்சி மிகையன்று. ஆனால் ஒன்றைமட்டும் ரசிகர்கள் அறிந்திருப்பது நலம். பிலிம் ஐமாக்ஸின் திரை ஏறக்குறையச் சதுரமாய் உயர்ந்து நிற்பது. இன்று திறக்கப்படும் லேசர் அரங்குகளிற் பெரும்பாலானவை உயரத்தைப்போல் இருமடங்குக்குச் சற்றே குறைந்த அகலமுடையவை. பெயர் ஒன்றாயிருப்பதால் வஸ்துவும் ஒன்றென்று எண்ணிவிடலாகாது.

சாமிக்கண்ணு வின்ஸெண்ட் 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரை விலைக்கு வாங்கி, கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய்ச் சென்றதும், பிறகு 1914இல் கொட்டகை கட்டியதும் அதே கோயமுத்தூரை நிலைக்களமாகக் கொண்டுதான். அன்று யந்திரம் அந்நியருடையது. இன்று நிலைமை என்ன? லேசர் புரொஜெக்டர் செய்யும் பெரிய கம்பெனிகள் பெல்ஜியத்திலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இருக்கின்றன. அவற்றிற் பெரும்பாலானவற்றின் உள்ளே படத்தை உருவாக்கும் நுண்கண்ணாடிச் சில்லு அமெரிக்காவிலுள்ள டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் என்ற ஒரே கம்பெனியின் சரக்கு. நூற்றிருபது வருஷத்தில் நாம் நடந்த தூரம் இவ்வளவுதானா என்று தேசாபிமானிகள் கேட்கலாம்.

முழு உண்மை அவ்வளவு இருண்டதன்று. படத்தைச் சேமித்து அவிழ்த்துப் புரொஜெக்டருக்கு ஊட்டும் கருவிகளைச் சென்னையிலேயே வடிவமைத்து உலகெங்கும் அனுப்பும் கியூப் என்ற ஸ்தாபனம் நம்மவர்களுடையது. 1986இல் இரண்டு தமிழ் இளைஞர்கள் ஆரம்பித்த ரியல் இமேஜ் கம்பெனியிலிருந்து வளர்ந்தது. ஐமாக்ஸுக்குப் போட்டியாக எபிக் என்ற பெருந்திரை ஏற்பாட்டையும் அது செய்திருக்கிறது. அதன் முதல் திரை எங்கே எழுந்தது? சென்னையிலன்று, பம்பாயிலன்று, ஸ்ரீஹரிகோட்டாவுக்கு அருகிலுள்ள சூலூர்ப்பேட்டை என்ற சிற்றூரில், 2019 ஆகஸ்டில், நூறடி அகலத்தில் எழுந்தது. நாட்டுப்புறத்தாருக்குக் கிழிந்த திரையும் கீறல் விழுந்த பிரதியுமே போதுமென்று எண்ணியிருந்த விநியோகஸ்தர்களுக்கு இது நல்ல பாடம். சூலூர்ப்பேட்டைக்கு ஆகும் காரியம் போளூருக்கும் திருவண்ணாமலைக்கும் ஆகாதென்று யார் சொல்ல முடியும்?

டிஜிட்டல் முறையினால் கிராமவாசிகளுக்கு விளைந்த நன்மையை மறைப்பது நேர்மையாகாது. 35 மில்லிமீட்டர் பிரதி ஒன்றுக்கே ஐம்பது அறுபதாயிரம் ரூபாய் ஆன காலத்தில், சென்னையில் ஓடி ஓய்ந்த ரீல்களே மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு சிற்றூர்க் கொட்டகைகளுக்கு வந்துசேரும். பாதிப் பாட்டு அறுந்து போயிருக்கும். இன்று சென்னைவாசி பார்க்கும் அதே நாளில் ஆரணிவாசியும் பார்க்கிறான்.

இனி, அம்முதியவரின் கேள்விக்கு வருவோம். படம் எங்கே இருக்கிறது? தகட்டுப் பெட்டி ஒன்றில் பூட்டிய எழுத்துக்களாக இருக்கிறது. அந்தப் பூட்டின் சாவி கொட்டகைக்காரரிடம் இல்லை. இன்ன கொட்டகையின் இன்ன யந்திரத்துக்கு, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை என்று கணக்கிட்டுச் சாவியை வேறிடத்திலிருந்து அனுப்புகிறார்கள். தேதி முடிந்தால் பெட்டி வெறும் பெட்டிதான். பொருள் ஒருவன் வீட்டில் இருந்தும் திறக்கும் பாத்தியதை மற்றொருவனிடம் இருக்குமானால் அநுபோகம் யாருடையது என்பதை வக்கீல் தொழிலில் பழகியவர்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. களவை மட்டுப்படுத்த இவ்வேற்பாடு அவசியமென்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் இது அதிகாரத்தைச் சிலர் கையில் குவிக்கவும் செய்கிறது.

இதன் பலனைத் தமிழ்நாடு 2018இல் கண்டது. டிஜிட்டல் பிரதிக்காக ஒவ்வொரு கொட்டகைக்கும் தாங்கள் செலுத்தும் கட்டணம் அநியாயமென்று தயாரிப்பாளர் சங்கத்தார் மார்ச் 1ந் தேதி முதல் புதுப்படங்களை நிறுத்திவிட்டார்கள். யந்திரத்தின் விலையை ஈடுகட்டுவதற்காக ஏற்பட்ட கட்டணம், விலை தீர்ந்த பின்னும் தொடர்வானேன் என்பது அவர்களது வாதம். பராமரிப்பும் புதுப்பித்தலும் ஓயாத செலவுகள் என்பது எதிர்க்கட்சியின் பதில். ஏறக்குறைய ஏழு வாரம் புதுத் தமிழ்ப்படம் ஒன்றும் வெளிவரவில்லை. கட்டணக் குறைப்புக்கு இசைந்த பின்னரே ஏப்ரல் 20 வாக்கில் நிலைமை சீராயிற்று. லைட்பாய் முதல் சுவரொட்டி ஒட்டுபவன் வரை அவ்வேழு வாரம் பட்டினி கிடந்த குடும்பங்கள் அந்தத் தகராறில் வாதியுமல்ல, பிரதிவாதியுமல்ல. இதில் கவனிக்கத்தக்க விஷயம் ஒன்றுண்டு. அன்று தயாரிப்பாளர்கள் குறை கூறிய கம்பெனிகள் அந்நியக் கம்பெனிகளல்ல, சுதேசிக் கம்பெனிகளே. நாம் சற்றுமுன் மனமாரப் புகழ்ந்த ஸ்தாபனமும் அவற்றுள் ஒன்று. சுதேசி என்ற காரணத்தால் ஒருவருக்குக் கட்டற்ற உரிமை கொடுத்துவிடலாமென்று நாம் ஒருநாளும் சொன்னதில்லை. இப்பொழுது லேசர் யந்திரங்கள் வருகின்றன. அவற்றின் விலையும் பெரிது. அவ்விலையை யார், எத்தனை வருஷம், எந்தக் கணக்கில் கொடுத்துத் தீர்ப்பது என்று முன்கூட்டியே எழுத்தில் வகுத்துக்கொள்ளாவிட்டால், 2018ஆம் வருஷத்துத் தகராறு இன்னொரு முறை வந்தே தீரும். சர்க்கார் தலையிட வேண்டியது அதற்கு முன்பே தவிர, கொட்டகைகள் மூடிய பிறகல்ல.

பிலிம் போனதால் விளைந்த மற்றொரு நஷ்டத்தை யாரும் பேசக் காணோம். நீலகிரியில் இந்து நகர் என்று ஓரிடமிருக்கிறது. பிரெஞ்சுக் கம்பெனி ஒன்றின் உதவியோடு ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற சர்க்கார் தொழிற்சாலை 1960இல் அமைக்கப்பட்டு 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய இடம் அது. கறுப்பு வெள்ளைப் பிலிமையும் எக்ஸ்-ரே பிலிமையும் நம் நாட்டுத் தொழிலாளர்கள் அங்கே செய்தார்கள். வர்ணப் பிலிமுக்கு மாத்திரம் கடைசிவரை அந்நியரையே நம்பியிருந்தோம். 1996இல் அது நலிந்த தொழிற்சாலையென்று தீர்மானிக்கப்பட்டது. 2014இல் எஞ்சியிருந்த ஊழியர்களுக்குப் பணம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பியூஜி கம்பெனி சினிமாப் பிலிமை 2013இல் நிறுத்திற்று. கோடாக் 2012இல் திவால் மனுப் போட்டு, பிறகு ஒருவாறு பிழைத்தெழுந்தது. உலகமே மாறியபோது நீலகிரித் தொழிற்சாலைமட்டும் நிலைத்திருக்குமென்று நாம் வாதிக்கவில்லை. ஆனால் டிஜிட்டல் வருவதற்கு வெகுகாலம் முன்பே அது படுத்துவிட்டது. ஆகையால் குற்றத்தை டிஜிட்டலின் தலையில் கட்டுவது பொருந்தாது.

படவேட்டிலே சம்புவராயர் காலத்துக் கற்கள் அறுநூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றன. மண்ணில் புதைந்தும் சிதைந்தும் கிடந்த கோயில்கள் நம் காலத்திலேயே திருப்பணி பெற்றிருக்கின்றன. கல்லில் எழுதியதால் இன்றும் படிக்க முடிகிறது. அங்கிருந்து வேலூர் வெகுதூரமில்லை. அந்த வேலூரிலே பிறந்த நடராஜ முதலியார்தான் 1917-18 வாக்கில் தென்னாட்டின் முதற் கதைப்படமான கீசக வதத்தை எடுத்தார். அதன் பிரதி ஒன்றுகூட இன்று கிடையாது. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸும் அழிந்துபோயிற்று. புனாவில் 1964இல் ஏற்பட்ட பிலிம் காப்பகத்தில் 2003 ஜனவரியில் தீப்பற்றிப் பழைய நைட்ரேட் சுருள்கள் சாம்பலாயின. இந்திய சர்க்கார் 2014இல் 597 கோடி ரூபாயில் படங்களைக் காக்கும் திட்டமொன்றை ஏற்றுக்கொண்டது மெச்சத்தக்கதே. ஆயினும் அது முன்னே போனவற்றை மீட்கும் முயற்சி. இனி வருபவற்றின் கதி என்ன? நல்ல பிலிமைக் குளிரிலும் உலர்விலும் வைத்தால் நூறாண்டு இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கண்ணாலேயே பார்க்கலாம். தகட்டிலுள்ள படத்தையோ சில வருஷங்களுக்கொருமுறை புதுத் தகட்டுக்கு மாற்றிக்கொண்டேயிருக்க வேண்டும். மறந்தால் போயிற்று. அமெரிக்கப் பெரிய கம்பெனிகள் டிஜிட்டலில் எடுத்த படங்களையும் காப்புக்காகப் பிலிமில் பதித்து வைப்பது இதை அறிந்துதான்.

புத்தகம் ஒன்றை அச்சிட்டால் 1954ஆம் வருஷத்துச் சட்டப்படி அதன் பிரதி சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்குச் சென்றாக வேண்டும். கடைசிப் பள்ளிக்கூட நோட்ஸ் புத்தகத்துக்கும் அந்த மரியாதை உண்டு. கோடிக்கணக்கில் செலவழித்து எடுக்கும் சலனப்படம் அச்சட்டத்தில் சேரவில்லை. சட்டசபையிலும் பார்லிமெண்டிலுமுள்ள தமிழ் அங்கத்தினர்கள், கட்சி வேற்றுமை பாராது, இதற்கொரு பிரேரணை கொண்டுவர வேண்டும். வெளியிடப்படும் ஒவ்வொரு தமிழ்ப்படத்தின் பூட்டில்லாத முழுப்பிரதி ஒன்று பொதுக் காப்பகத்தில் சேர வேண்டும். சிறந்தவற்றையேனும் பிலிமிலும் பதிய வேண்டும். காப்புரிமை தயாரிப்பாளருடையதாகவே இருக்கட்டும். அதில் யாரும் கைவைக்கக் கேட்கவில்லை.

காப்பகத்துக்கு இடம் எங்கே என்று கேட்பார்கள். இந்து நகர் நிலத்தையும் கட்டடங்களையும் என்ன செய்வதென்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. அதில் ஒரு மூலையைக் கேட்டுப் பார்க்கலாம். நீலகிரியின் குளிர் பிலிமுக்கு ஏற்றது; ஈரம் ஏற்றதன்று. ஈரத்தை உறிஞ்சும் யந்திரங்களை இரவும் பகலும் ஓட்டியாக வேண்டும், அதற்கு மின்சாரச் செலவு வருஷந்தோறும் உண்டு. அச்செலவை வரவு செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பாகக் காட்டுமாறு அங்கத்தினர்கள் முதலிலேயே வற்புறுத்த வேண்டும்.