காத்திருப்போர்க்கு நாள் குறித்தல்

முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல் என்றும், நெய்தற்கு உரிப்பொருள் இரங்கல் என்றும் தமிழிலக்கணம் வகுக்கும். முல்லைத் தலைவியும் தலைவனைப் பிரிந்தவளே. நெய்தல் தலைவியும் அவ்வாறே. ஆயினும், முன்னவள் ஆற்றி இல்லத்திருக்கின்றாள். பின்னவளோ கடலை நோக்கிக் கரைந்து வருந்துகின்றாள். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் பல கூறுவர். எம் ஆசிரியர் முல்லைத்திணையைப் பாடஞ் சொல்லிய நாளில் அவற்றுள் ஒன்று எம் உள்ளத்தைத் தொட்டது. முல்லைத் தலைவன் பிரியும்போதே கார்ப்பருவத்தில் மீள்வேன் என்று காலங் குறித்துச் செல்கின்றான். குறித்த காலம் ஒன்று உண்மையின் அவள் இருக்கின்றாள். அஃதில்லையேல் இருத்தல் இரங்கலாகும்.

நிற்க. அப்பாடம் நடந்த அதே கிழமையில் எம் குடும்பத்திலும் ஒரு காத்திருத்தல் நிகழ்ந்துகொண்டிருந்தது. எம் பெரிய தந்தையாரின் மகளார் இக்கல்லூரியில் பௌதிகம் பயின்று பட்டம் பெற்றவர்; திருமணத்திற்குப் பின் கணவருடன் அமெரிக்காவில் வாழ்ந்து வருபவர். பெரிய தந்தையார் இறுதி நோயுற்று வேலூர் மருத்துவமனையிற் கிடந்தபோது, அக்கா தாயகம் வந்து இரண்டு திங்கள் அவர் படுக்கையருகே இருந்தார். ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-ஆம் ஆண்டிற் செவிலியர் பள்ளி தொடங்கிய இடம் அது. 1946-ஆம் ஆண்டிலேயே செவிலியர்க்குப் பட்டப் படிப்பு அமைந்த இடமும் அதுவே. அங்குச் செவிலியர் ஆற்றிய பணியைக் கண்டபின், தாமும் அதனைக் கற்றல் வேண்டும் என்னும் எண்ணம் அக்காவின் உள்ளத்தில் வேரூன்றியது. அப்போது அவருக்கு அகவை முப்பத்தொன்று. ஒரு குழந்தைக்குத் தாய்.

அமெரிக்காவில் இத்தகையோர்க்கென்றே ஒரு படிப்பு உண்டு. வேறொரு துறையிற் பட்டம் பெற்றவர் மீண்டும் நான்காண்டு கல்லாமல், 11 முதல் 18 திங்களுக்குள் செவிலியர் பட்டம் பெறுதற்குரிய விரைவுப் படிப்பு அது. 1971-ஆம் ஆண்டிற் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் இதனை முதன்முதல் தொடங்கிற்று. விரைவு என்னும் பெயரைக் கேட்டு எளிதென எண்ணற்க. அப்படிப்பின் வாயிலை அடைதற்கே உடற்கூற்றியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், வேதியியல், புள்ளியியல் முதலிய பாடங்களை முன்னரே கற்றுத் தேறியிருத்தல் வேண்டும். பிறநாட்டுப் பட்டமாயின் அதனை அந்நாட்டு அளவையால் மதிப்பிட்ட சான்றும் வேண்டும். பல பள்ளிகள் டீஸ் என்னும் நுழைவுத் தேர்வு எழுதப் பணிக்கின்றன. அதன்கண் 209 நிமிடங்களில் 170 வினாக்களுக்கு விடையிறுத்தல் வேண்டும். அன்றியும், அறிவியற் பாடங்களை ஐந்தாண்டுக்குள், அல்லது ஏழாண்டுக்குள், கற்றிருத்தல் வேண்டும் என்னும் வரையறையும் பல பள்ளிகளில் உண்டு. அவ்வெல்லை கடப்பின் கற்ற பாடத்தையே மீண்டும் பொருள் செலுத்திக் கற்றல் வேண்டும்.

அக்கா பகலில் ஒரு கணக்கலுவலகத்திற் பணிசெய்து, இரவில் இப்பாடங்களை ஒவ்வொன்றாகக் கற்று முடித்தார். சென்ற செப்டம்பர்த் திங்களில் நான்கு பள்ளிகளுக்கு விண்ணப்பித்தார். மே திங்களிற் படிப்புத் தொடக்கம். ஒரு பள்ளி மூன்று கிழமைக்குள் 'இடமளித்தற்கில்லை' என்று எழுதிவிட்டது. அன்றிரவு அவர் அழுதார். மறுநாட் காலையில், தம்மிடம் குறைந்தது யாதெனக் கேட்டு அப்பள்ளிக்கு எழுதினார். அதற்கும் விடை வந்தது. மற்றொரு பள்ளி அவர் பெயரைக் காத்திருப்போர் பட்டியலிற் சேர்த்தது. அதில் எத்தனையாவது இடம் என்று கேட்டதற்கு, அதனைத் தெரிவிப்பது எம் வழக்கமன்று என விடை வந்தது. எஞ்சிய இரண்டு பள்ளிகளும் வாய் திறந்தில. டிசம்பர் சென்றது, ஜனவரி சென்றது, பிப்ரவரியுஞ் சென்றது.

எமக்கு இரவுணவு வேளை அவர்க்குக் காலை. பெரியம்மா நாடோறும் அவ்வேளையிற் கைப்பேசியில் அழைத்து, 'சாப்பிட்டாயா?' என்பதற்கும் முன்னே, 'ஏதாவது வந்ததா?' என்று கேட்பார். சில நாட்களில் அக்கேள்வியை விட்டுவிட்டார். கேளாமலிருப்பதே கேள்வியாயிற்று. அக்காவோ அலுவலகத்திற்கு விலகற் கடிதம் கொடுப்பதா, வேண்டாவா என்றறியார். குழந்தைக்குக் காப்பகத்தில் இடம் வேண்டின் இன்றே முன்பணம் கட்டுதல் வேண்டும். வீட்டு வாடகை ஒப்பந்தம் ஏப்ரலில் முடிகின்றது. அதனைப் புதுப்பிப்பதா, பள்ளியுள்ள ஊருக்குப் பெயர்வதா? நுண்ணுயிரியற் பாடத்திற்கு இவ்வாண்டோடு எல்லை கடக்கின்றது. அதனை மறுபடியுங் கற்கப் பெயர் பதிவதா? ஒரு சொல் வாராமையால் இத்தனை செயல்களும் நின்றுபோயின. ஒருநாள் எம்மிடம், 'தம்பி, இல்லையென்று எழுதிய பள்ளியின்மேல் எனக்குக் கோபமே இல்லை' என்றார். அச்சொல்லே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

யாம் கூறக் கருதியது இதுவே: மறுத்தல் கொடுமையன்று, மறுமொழி கூறாதிருத்தலே கொடுமை. விண்ணப்பிப்போர் அனைவர்க்கும் இடமளித்தல் எப்பள்ளிக்கும் இயலாது. ஆனால், அனைவர்க்கும் விடை தருநாளைக் குறித்தல் எப்பள்ளிக்கும் இயலும். அதனைச் செய்யாமை வறுமையன்று, கவனக்குறைவே.

இதற்கு மாறாகச் சிலர் கூறுவர்: 'இடமோ சிறிது, விண்ணப்பமோ பெரிது, பள்ளிகள் என் செய்யும்?' இதில் உண்மை உண்டு. அமெரிக்கத் தாதியர் கல்லூரிகளின் சங்கம் வெளியிட்ட கணக்கின்படி, பட்டப் படிப்பிற்கும் மேற்பட்டப் படிப்பிற்கும் வந்தவற்றுள், தகுதியிருந்தும் ஏற்கப்படாத விண்ணப்பங்கள் 2021-ஆம் ஆண்டில் 91,938. 2023-ஆம் ஆண்டில் 65,766. ஒருபுறம் மருத்துவமனைகள் செவிலியரின்றித் தவிக்க, மறுபுறம் பள்ளிகள் தகுதியுடையாரைத் திருப்பி அனுப்புகின்றன. இதற்குத் தலையாய காரணங்களுள் ஒன்று ஆசிரியர் பஞ்சம். செவிலியர்க்கு ஆசிரியராதற்கு மேற்பட்டம் வேண்டும். அப்பட்டம் பெற்றவர்க்கோ மருத்துவமனையில் ஊதியம் மிகுதி. அன்றியும், நோயாளர் படுக்கையருகே பயிற்றுங்கால் ஓராசிரியர் பத்து மாணவரளவிலேதான் மேற்பார்க்கலாம் என்பது பல இடங்களில் விதி. எனவே, இருக்கையைப் பெருக்குதல் எளிதன்று. இதனை யாம் மறுக்கவில்லை.

ஆயினும் மேற்கூறிய கணக்கிலே ஒன்று நோக்கற்பாலது. அஃது ஆட்களின் தொகையன்று, விண்ணப்பங்களின் தொகை. எம் தமக்கையார் ஒருவர்; அவருடைய விண்ணப்பங்கள் நான்கு. ஏன் நான்கு? எப்பள்ளி எப்போது விடை பகரும் என்று அறியாமையாலன்றோ? விடை எப்போது வருமென்று தெரியாதார் பல கதவுகளைத் தட்டுவர். பலர் பல கதவுகளைத் தட்டவே ஒவ்வொரு கதவின் பின்னும் குவியல் பெருகும். குவியல் பெருகவே விடை இன்னுந் தாழ்க்கும். இடம் பெற்றாரும் வேறு பள்ளியின் விடையை எதிர்நோக்கி ஈரிடத்து முன்பணம் கட்டிவைப்பர். படிப்புத் தொடங்குங்கால் ஓரிடத்தை விடுவர். அவ்விடத்திற்குக் காத்திருந்தாரோ அதற்குள் வேறு வழி சென்றிருப்பார். இவ்வாறு மௌனத்தாற் பள்ளிக்கும் கேடே விளைகின்றது.

இன்னுஞ் சிலர், 'செவிலிக்குப் பொறுமை வேண்டும். காத்திருத்தல் அவர்க்கு முதற்பயிற்சியாகுக' என்பர். இக்கூற்று கேட்டற்கு இனியது; உண்மையன்று. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைச் சான்றாகக் காட்டுவாரும் உளர். அவர் தமக்கொரு பணி உண்டென உணர்ந்தது 1837-ஆம் ஆண்டு. குடும்பத்தாரின் தடை நீங்கி ஜெர்மனியிலுள்ள கைசர்ஸ்வெர்த் நகரிற் பயிற்சி பெற்றது 1851-ஆம் ஆண்டு. இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளும் அவர் வாளாவிருந்தாரல்லர்; மருத்துவமனைகளைப் பற்றிய அறிக்கைகளை வைகறையில் எழுந்து கற்றார். ஆயினும், காத்திருந்தமையால் அவர் பெரியரானார் என்பது பொருந்தாது. காத்திருந்தும் பெரியரானார் என்பதே பொருந்தும். அவ்வாண்டுகளில் எத்தனை நோயாளர் அவர் கையை இழந்தனரோ, யாரறிவார்?

மேலும், நற்செவிலியின் இயல்பு யாது? வேலூரில் தாம் கண்டதாக அக்கா கூறிய ஒன்றை ஈண்டுச் சொல்லுவோம். ஓரிரவு பெரிய தந்தையார் நோவு பொறாது புலம்பினார். இரவுப் பணியிலிருந்த செவிலி வந்து, 'டாக்டர் ஆறு மணிக்கு வருவார். அதற்குள் நான் இரண்டு தடவை வந்து பார்ப்பேன். முதல் தடவை மூன்று மணிக்கு' என்று சொல்லிச் சென்றாராம். நோவு தணிந்ததில்லை. ஆயினும் பெரிய தந்தையார் சுவர்க் கடிகாரத்தை நோக்கியவாறே அமைதியுற்றாராம். மூன்று மணிக்கு அச்செவிலி வந்தார். அக்காவை இத்தொழிலுக்கு ஈர்த்தது அந்த மூன்று மணியே. நோயாளர்க்கு மருந்து கொடுத்தல் எத்துணை இன்றியமையாததோ, அடுத்து என்ன நிகழும், எப்போது நிகழும் என்று சொல்லுதலும் அத்துணை இன்றியமையாதது. இதனை மாணவர்க்குக் கற்பிக்கும் பள்ளி, தன் வாயிலில் நிற்பாரிடத்து இதனை மறத்தல் தகுமோ?

'நாள் குறித்தல் நடைமுறைக்கு ஒவ்வாது' என்பது மூன்றாவது தடை. அந்நாட்டிலேயே அதற்கு விடையுளது. மருத்துவப் பட்டம் பெற்றார் மருத்துவமனைகளிற் பயிற்சிக்கு இடம் பெறுதற்கு 1952-ஆம் ஆண்டு முதல் ஒரு பொது ஏற்பாடு நடந்துவருகின்றது. மருத்துவர் தாம் விரும்பும் இடங்களை வரிசைப்படுத்துவர். மருத்துவமனைகளும் தாம் விரும்புவாரை வரிசைப்படுத்தும். இரண்டையும் பொருத்தி, மார்ச்சுத் திங்களின் மூன்றாம் வெள்ளிக்கிழமையில் நாடு முழுவதும் ஒரே நாளில் அறிவிப்பர். இடம் கிடைத்ததோ இல்லையோ என்பது அக்கிழமையின் திங்கட்கிழமையிலேயே தெரிந்துவிடும். அங்குங் கண்ணீர் உண்டு. ஆனால் அதற்கொரு நாள் உண்டு. பல்லாயிரம் மருத்துவர்க்கு இயன்றது செவிலியர்க்கு இயலாதோ?

ஆகலின், யாம் வேண்டுவன நான்கு. விண்ணப்பம் கேட்கும் தாளிலேயே விடை தருநாளையும் பள்ளி அச்சிடுக. தகுதியின்றெனக் கண்டாரை இறுதிநாள் வரை நிறுத்தி வையாது உடனே விடுக்க. காத்திருப்போர் பட்டியலிற் சேர்க்கப்பட்டார்க்கு அவர்தம் இடத்தையும், சென்ற ஆண்டு அப்பட்டியலிலிருந்து எத்துணைப் பேர் சேர்க்கப்பட்டனர் என்பதையும் கூறுக. குறித்த நாளில் முடிவு செய்ய இயலாதாயின், 'இன்னும் முடியவில்லை. இன்ன நாளில் எழுதுவோம்' என்று ஒரு வரி எழுதுக. இவற்றுள் எதற்கும் புதிய ஆசிரியர் வேண்டா. புதிய கட்டடமும் வேண்டா.

இவையெல்லாம் கடல் கடந்த நாட்டின் செய்தியென்று நேயர்கள் கருதற்க. ஜூன் திங்களில் நம் நாட்டுக் கல்லூரி அலுவலகங்களின் முன் விசிப்பலகையில் தந்தையும் மகளுமாய் அமர்ந்திருப்பாரை யாம் கண்டிருக்கின்றோம். 'நாளைக்கு வாருங்கள்' என்னுஞ் சொல்லைக் கேட்டு அவர்கள் பேருந்தேறித் திரும்புவதையுங் கண்டிருக்கின்றோம். அந்நாளை எந்நாள் என்று அவர்களும் கேட்பதில்லை, சொல்வாரும் சொல்வதில்லை. எம்முடன் இன்று பயில்வாருட் சிலர் நாளை ஆசிரியராவர். சிலர் அலுவலகத் தலைவராவர். சிலர் மருத்துவமனைகளையும் பள்ளிகளையும் நடத்துவர். அவர்களுக்கு இஃது எம் விண்ணப்பம்: நும் மேசைமேல் கிடக்கும் ஒவ்வொரு தாளின் பின்னும் ஒரு வீட்டின் வாடகையும், ஒரு குழந்தையின் காப்பகமும், இரவுணவு வேளையில் ஒரு தாயின் கேளாத கேள்வியும் உள்ளன என்பதை மறவற்க. தரவியலாததை மறுத்து விடுமின். ஆனால் நாளைக் குறித்து மறுமின்.

இக்கட்டுரையை முடிக்கும் இவ்விரவிலும் அக்காவிற்கு அவ்விரு பள்ளிகளிலிருந்தும் விடை வந்திலது. அவர் நுண்ணுயிரியற் பாடத்திற்கு மறுபடியும் பெயர் பதிந்துவிட்டார்.