வான் அறிவித்தல் இலவசம், பார்க்க ஓர் இடம் வேண்டும்

2017 ஓகஸ்ட் 17, மாலை 6.11. கொழும்பில் சூரியன் மறைய இன்னும் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களே இருந்தன. அந்த நேரத்தில் பூமியைக் கடந்த ஓர் ஈர்ப்பலையை அமெரிக்காவின் லைகோ கருவிகள் பதிந்துகொண்டன. 1.7 செக்கன் கழித்து நாசாவின் பெர்மி விண் தொலைகாட்டி, சுமார் இரண்டு செக்கன் நீடித்த ஒரு காமாக் கதிர் வெடிப்பைப் பிடித்தது. 13 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு நியூத்திரன் விண்மீன்கள் மோதி ஒன்றாகியிருந்தன. குறுகிய காமா வெடிப்புகளுக்குப் பின்னால் இத்தகைய மோதல்தான் இருக்கிறது என்று பல காலம் சொல்லப்பட்டுவந்ததற்கு அன்றுதான் நேரடிச் சாட்சி கிடைத்தது.

அது நடந்த என்ஜிசி 4993 என்ற விண்மீன் மண்டலம் அப்போது எங்கே இருந்தது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெள்ளவத்தைக் கடற்கரையில் நின்றவருக்குத் தென்மேற்கே, கடலுக்கு மேல் ஏறத்தாழ 40 பாகை உயரத்தில், வியாழனுக்குக் கொஞ்சம் கீழே. ஒன்பதரை மணியளவில்தான் அது கடலில் இறங்கியது. குருப்பெயர்ச்சிக்கு இரண்டு வாரமே இருந்த காலம் அது. வியாழனைப் பற்றிய பேச்சுக்கு நம்மிடையே குறைவிருக்கவில்லை. அதன் கீழே என்ன நடந்தது என்பது மட்டும் எவர் கண்ணிலும் படவில்லை.

எங்களிடம் ஒரு நல்ல தொலைகாட்டி இருந்திருந்தாலும் அன்றிரவு அது உதவியிருக்காது. பெர்மி தந்த இடக்குறிப்பு வானத்தின் பெரும் பரப்பொன்றைத் தழுவியது. ஈர்ப்பலைக் கருவிகள் தேடுபரப்பைச் சுருக்கித் தந்தபோது இங்கே இரவு பதினொரு மணி தாண்டிவிட்டது, மண்டலமும் மறைந்துவிட்டது. கடைசியில் சிலியின் லாஸ் கம்பனாஸ் மலையிலிருந்த ஸ்வோப் தொலைகாட்டி, மோதல் நடந்து ஏறத்தாழ 11 மணி நேரம் கழித்து அந்த ஒளியைக் கண்டுபிடித்தது. அதன் ஆடி ஒரு மீற்றர்தான். முதல் 11 மணி நேரத்தின் ஒளி எப்படியிருந்தது என்று இன்றும் எவருக்கும் தெரியாது. அடுத்த முறை அந்த இடைவெளியை நிரப்பும் பொறுப்பில் ஒரு பங்கை இலங்கை ஏற்க வேண்டும். ஏற்கவும் முடியும்.

விண்ணில் இருக்கும் கருவிகள் வேலையின் பாதியைத்தான் செய்கின்றன. காமாக் கதிர் காற்றுமண்டலத்தைத் தாண்டி நிலத்துக்கு வராது. ஆகவே வெடிப்பைப் பிடிக்கச் செய்மதி வேண்டும். அணுகுண்டுச் சோதனைகளை வேவு பார்க்க அமெரிக்கா அனுப்பிய வேலா செய்மதிகளே 1967இல் இதை முதலில் தற்செயலாகக் கண்டன. செய்தி வெளியே வர 1973 ஆனது. அதன் பின்னரும் முப்பது ஆண்டுக்கு மேல் குறுகிய வெடிப்புகளுக்கு விலாசமே கிடைக்கவில்லை. 2004 நவம்பரில் ஏவப்பட்ட சுவிப்ட் செய்மதிதான் அதை மாற்றியது. வெடிப்பைக் கண்டதும் ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் தானாகவே அந்தத் திசைக்குத் திரும்பி, எக்ஸ் கதிரில் பின்னொளியைப் பார்த்து, துல்லியமான இடத்தைக் கீழே அனுப்பும். 2005 மே மாதத்தில் முதல் தடவையாக ஒரு குறுகிய வெடிப்பின் இடம் அப்படித்தான் தெரியவந்தது. 2013இல் இன்னொரு குறுகிய வெடிப்புக்குப் பின் ஹபிள் தொலைகாட்டி ஒரு செந்நிற மங்கலொளியைக் கண்டது. பொன், பிளாட்டினம் போன்ற கனத்த மூலகங்கள் உருவாகும்போது வரும் ஒளி அது. 2023 மார்ச்சில் வந்த வெடிப்பில் ஜேம்ஸ் வெப் விண் தொலைகாட்டி தெலூரியத்தின் தடயத்தைக் கண்டது. அந்த வெடிப்போ இரண்டு செக்கனைத் தாண்டி நெடுநேரம் நீடித்தது. குறுகியது, நீண்டது என்று பாடநூல் போட்ட எல்லையே இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது.

செய்மதி இடத்தைச் சொன்ன கணத்திலிருந்து மீதி வேலை நிலத்தில் இருப்பவருடையது. எந்தத் தேசத்தில் அப்போது இரவோ, எங்கே முகில் இல்லையோ, அங்கிருப்பவர் பார்க்க வேண்டும். நாசா நடத்தும் அறிவித்தல் வலையமைப்பு இந்தச் செய்திகளைக் காசு வாங்காமல் எவருக்கும் தருகிறது. கொட்டாஞ்சேனையில் ஒரு மாணவி தன் மடிக்கணினியிலேயே பெறலாம். 2024இல் ஏவப்பட்ட சீனாவின் ஐன்ஸ்டைன் புரோப், சீன–பிரெஞ்சுக் கூட்டுச் செய்மதி எஸ்வொம் ஆகியவையும் சேர்ந்துகொண்டதால் அறிவித்தல்கள் கூடியிருக்கின்றன. பார்க்கும் கண்கள்தான் போதவில்லை.

இதற்குப் பெரிய தொலைகாட்டி வேண்டாம். லடாக்கின் ஹன்லேயில் இந்தியா வைத்திருக்கும் குரோத் தொலைகாட்டி 70 சென்ரிமீற்றர். ஆள் இல்லாமல் தானே இயங்கும் அது, அறிவித்தல் வந்ததும் திரும்பிப் பார்க்கிறது. தென்னாபிரிக்காவின் பிரிட்டோரியாவில் பெர்டோ மொனார்ட் என்ற வானியல் ஆர்வலர் 2003இல் ஒரு வெடிப்பின் பின்னொளியைக் கண்டுபிடித்தது 30 சென்ரிமீற்றர் தொலைகாட்டியால். எங்களிடம் கட்டுபெத்தையில், ஆதர் சி. கிளார்க் நிறுவகத்தில், தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் யப்பான் அன்பளித்த 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி இருக்கிறது. நாட்டின் மிகப் பெரிய தொலைகாட்டி என்று பெயர் பெற்ற அது நிற்பதோ மொறட்டுவையின் தெருவிளக்குகளுக்கும் ஈரக் காற்றுக்கும் நடுவே.

தீர்மானம் எடுக்க வேண்டிய இடம் இதுதான். உலர் வலயத்தில், வன்னியிலோ கிழக்கிலோ விளக்கு வெளிச்சம் குறைந்த ஓரிடத்தில், அரை மீற்றர் அளவில் தானியங்கித் தொலைகாட்டி ஒன்றை அரசு நிறுவட்டும். யூன் முதல் செப்ரெம்பர் வரை நைனிதாலுக்கு அருகேயுள்ள தேவஸ்தல் ஆய்வகம் பருவமழையால் மூடிக்கிடக்கும். அதே மாதங்களில் நம் வடக்கும் கிழக்கும் கச்சான் காற்றில் காய்ந்து கிடக்கின்றன. விவசாயிக்குச் சாபமான அந்த வெயில் காலம் வானியலாளருக்குக் கொடை. ஹன்லேயின் 4,500 மீற்றர் உயரமும் வரண்ட காற்றும் நமக்குக் கிடைக்கப்போவதில்லை. ஆனால் இந்து சமுத்திரத்தில், நிலநடுக்கோட்டுக்கு அருகில், இரு அரைக்கோளத்து வானையும் பார்க்கும் இடம் கிடைத்திருக்கிறது.

2022இல் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த நாட்டுக்கு இது தேவையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதனால்தான் செய்மதி கேட்கவில்லை. 2019இல் விண்ணுக்குப் போன இராவணா-1, ஒரு கிலோ அளவேயான சிறு செய்மதி. நம் இளம் பொறியியலாளர் இருவர் யப்பானில் கற்றுச் செய்தது. அவர்களுடைய உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அத்தகைய செய்மதி ஒன்றிரண்டு ஆண்டில் முடிந்துபோகும். தொலைகாட்டி தலைமுறைக்கு நிற்கும், கட்டுபெத்தையில் நிற்பதைப் போல. சுவிப்ட் செய்மதியே பாதை தாழ்ந்து விழப்போகிறது என்றபோது, அதை மேலே தள்ளும் வேலைக்கு மட்டும் 2025இல் நாசா 30 மில்லியன் டொலர் ஒதுக்கியது. விண்ணில் ஒன்றை வைத்திருப்பதன் விலை அது.

பாடசாலைகளுக்கும் இதில் பங்குண்டு. 2004 டிசம்பர் 27ஆம் திகதி (கிரீனிச் நேரப்படி), ஆழிப்பேரலையில் இறந்தவர்களை நாம் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், பால்வீதியின் மறுபுறத்திலிருந்து வந்த ஒரு காமா வீச்சு பூமியின் அயன் மண்டலத்தையே அசைத்தது. காந்தப்புலம் மிகுந்த ஒரு நியூத்திரன் விண்மீனின் வெடிப்பு அது. இன்னும் தொலைவில் நடந்திருந்தால் குறுகிய காமா வெடிப்பென்றே எண்ணியிருப்போம். (அதுதான் சுனாமியைக் கொண்டுவந்தது என்று பின்னர் கதை கட்டினார்கள். நிலநடுக்கம் முந்தியது, ஏறத்தாழ 44 மணி நேரம்.) இத்தகைய அசைவைப் பிடிக்க மரச்சட்டத்தில் கம்பியைச் சுற்றி, கணினியின் ஒலி அட்டையில் இணைத்தால் போதும். திருநெல்வேலி மாவட்டத்து விஜயநாராயணத்திலிருந்து இந்தியக் கடற்படை 18.2 கிலோஹேர்ட்ஸில் அனுப்பும் அலை கிளம்புவது கொழும்பிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்குள். அதன் வலிமை ஏறி இறங்குவதை இரவு பகலாகப் பதிந்தால் அயன் மண்டலத்தின் நாடி தெரியும். பெரும்பாலும் அகப்படுவது சூரியனின் தீச்சுவாலைதான், எப்போதாவது காமா வீச்சு. வெள்ளவத்தையின் டியூட்டரிகளில் டொப்ளர் விளைவுக்குக் கணக்குச் செய்யும் உயர்தர மாணவருக்கு, பரீட்சைக்கு வெளியே பௌதிகவியல் எப்படி இருக்கும் என்று காட்ட இதைவிட மலிவான வழி இல்லை.

இந்தியாவின் லைகோ நிலையம் மகாராஷ்டிராவின் ஹிங்கோலியில் எழுகிறது. 2023 ஏப்ரலில் அதற்கு அமைச்சரவை ஒப்புதல் கிடைத்தது. அது இயங்கத் தொடங்கும்போது மோதல்கள் நடக்கும் திசை இன்னும் துல்லியமாகத் தெரியவரும். அதற்குள் நம் தொலைகாட்டி தயாராக வேண்டுமானால் இடத்தேர்வு இந்த ஆண்டே தொடங்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தையும் கிழக்குப் பல்கலைக்கழகத்தையும் அதில் பங்காளிகளாக்க வேண்டும். பாதீட்டுக்குக் காத்திராமலே செய்யக்கூடியதும் ஒன்றுண்டு: கட்டுபெத்தைத் தொலைகாட்டி எத்தனை இரவுகள் திறந்தது, எத்தனை அறிவித்தல்களுக்குத் திரும்பியது என்ற குறிப்பேட்டை விஞ்ஞான தொழில்நுட்ப அமைச்சு மாதந்தோறும் மும்மொழியிலும் வெளியிடட்டும்.