விட்டிட்டுப் போன பிள்ளையளையும் எண்ணுவம்



போன வருசம் பிறம்ரனில ஒரு சனிக்கிழமை வகுப்பில தொண்டராக இருந்தேன். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையளை யூனிவர்சிற்றிக்கு ஆயத்தப்படுத்துற திட்டம். செப்ரெம்பரில 22 பேர் வந்தவை. ஜூனில மிஞ்சினது 13 பேர். காசு தந்தவைக்கு அறிக்கை எழுதினது நான்தான்: "திட்டத்தை முடித்த அனைவரும் மேற்படிப்புக்கு விண்ணப்பித்துள்ளனர்."

அது பொய்யில்லை. ஆனால் மிச்சம் ஒன்பது பேரைப் பற்றி அதில ஒரு வரியும் இல்லை. அதில ஒருத்தி சனிக்கிழமைகளில கோப்பிக் கடையில வேலைக்குப் போகத் தொடங்கினவள். எங்களில ஒருத்தரும் அவளுக்கு ஒரு கோல் எடுக்கேல்லை.

இப்படித்தான் எங்கட சமூகத்தில கன திட்டங்கள் தங்களைத் தாங்களே மதிப்பிடுகின்றன. ஏற்கெனவே போகப்போற பிள்ளையைச் சேர்த்து, அது போனபிறகு "நாங்கள்தான் அனுப்பினம்" என்று மேடையில சொல்லுறது.

வேறு மாதிரியும் செய்யலாம். 2001இல் ரொறன்ரோவின் றீஜன்ற் பார்க் அரச குடியிருப்பில், அங்குள்ள சமூக சுகாதார நிலையம் 'பாத்வேய்ஸ் ரு எடியூகேஷன்' திட்டத்தைத் தொடங்கியது. அங்க இருந்து ஒன்பதாம் வகுப்புக்குப் போற எந்தப் பிள்ளையும் சேரலாம்; புள்ளி பார்க்கேல்லை. பின்னேர ரியூஷன், வழிகாட்டிகள், வீட்டோடும் பள்ளிக்கூடத்தோடும் கதைக்கிற ஒரு பணியாளர், பஸ் ரிக்கற், மேற்படிப்புக்கென ஒதுக்கிவைத்த காசு.

ஒரியோபௌலோஸ், பிறவுன், லவெக்கியா என்ற மூன்று ஆய்வாளர்கள் இந்தப் பிள்ளைகளை ரொறன்ரோவின் வேறு அரச குடியிருப்புப் பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள். திட்டத்தில சேர்ந்தவையை மட்டும் அல்ல, தகுதி இருந்த எல்லாரையும் எண்ணினார்கள். உயர்பள்ளியை முடிக்கிறவர்களும் மேற்படிப்புக்குப் போறவர்களும், சில இடங்களில் 50 வீதத்துக்கு மேலாகவே கூடியிருந்தார்கள். 2020இல் வந்த அடுத்த ஆய்வின்படி, வளர்ந்தபின் அவர்களின் வருமானம் 19 வீதம் அதிகம். அரச உதவிப்பணம் எடுப்பது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு.

அமெரிக்காவின் 'அப்வேர்ட் பவுண்ட்' திட்டத்தை 1990களில் குலுக்கல் முறையில் சோதித்தபோது, மொத்தத்தில் பெரிய பலன் தெரியவில்லை. ஆனால் பட்டப்படிப்பை எதிர்பார்க்காமல் இருந்த பிள்ளைகளுக்குப் பலன் கூட இருந்தது. அதாவது, நாங்கள் வழமையாகத் தெரிவு செய்யாத பிள்ளைகளுக்கு.

"அளக்கிறதே காசு குடுக்கிறவையின்ர பாஷை" என்று சில தோழர்கள் சொல்லுவினம். பாதி சரி. ஆனால் நாங்கள் எண்ணாட்டில், அந்த ஒன்பது பேரையும் ஒருத்தரும் எண்ணப்போறதில்லை. 1970களின் தரப்படுத்தலைப் பற்றிக் கேட்டுக் கேட்டு வளர்ந்த நாங்கள், பல்கலைக்கழக வாசலில யார் நிற்கினம் என்று மட்டும் பார்த்தால் போதாது. அங்க வராத பிள்ளையையும் தேடவேணும்.

இதோட ஒன்று. திட்டம் பிள்ளையை வாசல்வரைக்கும்தான் கொண்டுபோகும். 2019இல் ஒன்ராறியோ அரசு, வருமானம் குறைந்த மாணவருக்கு இருந்த இலவசக் கல்விக்கட்டண உதவியை நிறுத்தியது. ரியூஷனும் குடுப்பம், அந்த உதவியைத் திருப்பித் தரச்சொல்லியும் போராடுவம். ஒன்றைச் செய்து மற்றதை விடேலாது.

உங்கட ஊரில இப்படி ஒரு திட்டத்தில நிற்கிறீங்கள் என்றால், அடுத்த கூட்டத்தில மூன்று கேள்வி கேளுங்கோ. யாரைச் சேர்க்கேல்லை? யார் இடையில நின்றவை? அவைக்கு ஆர் கோல் எடுத்தது?

இந்த வருச அறிக்கையையும் நான்தான் எழுதுறன். 22இல் இருந்து தொடங்குவன்.